காடியில் நின்ற பலகை

அறுபது வருடம் காய்ந்த மரம் இனி அசையாது என்று நம்பியிருந்தேன். யார் சொல்லி நம்பினேன் என்று இப்போது நினைவில்லை. பழைய வீடு இடிக்கிற இடங்களில் தேக்குச் சட்டம் வாங்க நிற்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "பழைய மரம் சார், இனிமே முறுக்காது, வெடிக்காது." நானும் அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையால் எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் பாதியை இழந்தேன்.

எங்களுக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூடத்தை ஒட்டிய அறையில் அந்தப் பத்தாயம் நின்றது. தாத்தா செய்வித்தது. ஆள் உயரத்துக்கு மேல், அடுக்கடுக்காக ஏற்றிய தேக்குப் பெட்டி. நெல் சரிந்து விழ அடியில் ஒரு சின்னக் கதவு. உள்பக்கப் பலகை ஒன்றில் தாத்தா கத்தி முனையால் கீறிவைத்த கணக்கு இருந்தது. வரிசையாகக் கோடுகள், இடையிடையே குறுக்கே ஒரு கோடு. எந்தப் பட்டத்தில் எத்தனை கலம் உள்ளே போனது என்பதற்கு அவர் வைத்த அடையாளம். வருடக் கடைசியில் பத்தாயம் காலியானதும் அக்கா உள்ளே இறங்கி, இருட்டில் விரலால் தடவியே அந்தக் கோடுகளை எண்ணுவாள். நான் வெளியே நின்று அவள் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா போன பிறகு வீட்டை விற்க வேண்டியதாயிற்று. பாகம் பிரித்தபோது அக்கா கேட்டது ஒன்றுதான். "பத்தாயத்த வெறகுக்குப் போட்டுடாதடா தம்பி. நீதான் மரவேல செய்யிறியே, அதுல எனக்கு ஒரு சாப்பாட்டு மேச பண்ணிக் குடு. எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடற மாதிரி."

பத்தாயத்தை நானே நின்று பிரித்தேன். ஆணி ஒன்றுகூட இல்லை. மூலைகளில் அடித்திருந்த மரமுளைகளைத் தட்டியதும் சட்டம் கழன்றது. பலகைகள் சட்டத்தில் வெட்டியிருந்த காடிப் பள்ளத்திலிருந்து கையோடு வந்துவிட்டன. பசை இல்லை, இறுக்கம் இல்லை. இத்தனை சுலபமாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் சுலபமாக வருகிறது என்று யோசிக்கவில்லை. சட்டங்களின் அடிப்பக்கம் கொஞ்சம் கரையான் பட்டிருந்தது, வண்டியிலும் இடம் இல்லை. பலகைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, காடி வெட்டிய சட்டங்களை அங்கேயே விட்டுவிட்டேன். அவை அடுப்புக்குப் போயின.

பலகைகள் என்னோடு சென்னைக்கு வந்தன. திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை ஃபிளாட். பால்கனி ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அந்தப் பால்கனிதான் என் பட்டறையும். ஒரு இழைப்புளி, இரண்டு வாள், நாலைந்து உளி, ஒரு கொட்டாப்புளி. ஸ்டூல், சாமி அலமாரி, புத்தகத் தட்டு என்று சின்னச் சின்ன வேலைகள். மேசை செய்ய இடம் போதாது என்று அக்காவிடம் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் கேட்பதை நிறுத்தவில்லை.

வங்கி வேலையில் கடைசி மாற்றல் கோயம்புத்தூருக்கு வந்தது. சூலூர்ப் பக்கம் தனி வீடு கிடைத்தது. பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு நீளமான கொட்டகை. வீடு பார்க்கப் போனபோது படுக்கையறை எத்தனை என்று நான் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய்ச் சுவருக்குச் சுவர் நடந்து அளந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன ஊர் பல்லடம், பக்கம்தான். தை மாதத்தில் சாமானோடு வந்து இறங்கினோம். சித்திரை ஒன்றாம் தேதி எல்லோரும் அக்கா வீட்டில், அந்த மேசையில் சாப்பிடுவது என்று பேச்சாயிற்று.

லாரிக்காரர்கள் பலகைகளைச் சேர்த்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பிசின் நாடா ஒட்டிக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பந்தோபஸ்தான கட்டு. அப்படியே கொட்டகையின் மூலையில் வைக்கச் சொன்னேன். கொட்டகை தயாரான பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்து நான் செய்ததெல்லாம் சரியான காரியங்கள். அதனால்தான் எனக்குள் சந்தேகமே வரவில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. மோட்டாருக்கும் மெஷினுக்கும் பஞ்சமே இல்லை. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் போட்ட மேசை ரம்பம் ஒன்று வாங்கினேன். முதல் தடவை ஓட்டியபோது வீட்டு விளக்கெல்லாம் ஒரு நொடி மங்கியது. மோட்டார் கிளம்புகிற கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மின்பணியாளரை அழைத்துக் கொட்டகைக்குத் தனி வயர், 16 ஆம்பியர் பிளக், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் சுவிட்ச் எல்லாம் போட்டேன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் தூள் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தாள். பரீட்சை முடியும்வரை அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் மட்டும்தான் ரம்பத்தை ஓட்டினேன். வெளிச்சத்துக்காகக் கூரையில் இரண்டு ஷீட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஷீட் போட்டேன். வேலை மேசை ஒன்றைக் கட்டினேன், இடுப்பு உயரத்துக்கு, தள்ளினாலும் அசையாமல்.

தையும் மாசியும் இப்படியே போயின. கட்டு மூலையில் கிடந்தது. அதன்மேல் நான் ரம்பத்தின் அட்டைப்பெட்டியை வைத்திருந்தேன்.

கொட்டகைக்குக் கதவு போட வந்த ஆசாரி ஒருநாள் அந்தக் கட்டைக் குனிந்து பார்த்தார். "ஏனுங் சார், ஊரு மாறி வந்த மரத்தக் கட்டிப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். அறுபது வருடத்து மரம், எல்லாம் காய்ந்து முடிந்தது என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. கூலி வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டது ஒரு கேள்வி என்றுகூட எனக்கு அப்போது படவில்லை.

பங்குனியில் கட்டைப் பிரித்தேன். பிளாஸ்டிக்கை அறுத்ததும் பழைய நெல்லின் வாசம் லேசாக வந்தது. இழைப்புளி ஓட ஓட, கறுத்துக் கிடந்த மேல்தோல் போய் உள்ளே பொன்னிறத் தேக்கு வந்தது. தாத்தாவின் கணக்குப் பலகையை மட்டும் மேற்பரப்பு இழைக்காமல், சுத்தம் செய்து, கோடுகள் மேலே தெரியும்படி நடுவில் வைத்தேன். பலகைகளை ஒட்டிச் சேர்த்து மூன்றடி அகலத்துக்கு மேல்பலகை ஆயிற்று. இரண்டு முனைகளிலும் பலகையின் வெட்டுமுகம் தெரியாமல் இருக்க, குறுக்காக ஒரு பலகையைப் பசை வைத்து இறுக்கினேன். மேல்பலகையைச் சுற்றிலும் சட்டத்தோடு சேர்த்துப் பசையும் போட்டுத் திருகாணியும் முடுக்கினேன். காலம் முழுக்க அசையக் கூடாது என்று ஆசைப்பட்டு முடுக்கினேன். நான் அதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

சித்திரை ஒன்றாம் தேதி எட்டுப் பேர் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா பரிமாறுவதை விட்டுவிட்டுக் கோடுகளைத் தடவிக்கொண்டு நின்றாள். பேத்தியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள்.

கத்திரி வெயிலில் ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, ராத்திரி மேசையில பட்டுனு ஒரு சத்தம்டா. ஏதோ விழுந்துடுச்சுன்னு நெனச்சோம். காலையில பாத்தா கீறல் விட்டிருக்கு. நீ பதறாத, மெதுவா வந்து பாரு."

போனேன். கீறல் என்று அவள் சொன்னது எனக்காக. ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மேசையின் பாதி நீளத்துக்குப் பலகை பிளந்திருந்தது. நான் ஒட்டிய மூட்டு ஒன்றுகூட விடவில்லை. பசை அத்தனையும் பிடித்த பிடியில் இருந்தது. அதனால்தான் மரம் தன் உடம்பையே கிழித்துக்கொண்டிருந்தது. கிழிந்தது கணக்குப் பலகை. கோடுகளின் நடுவாக ஓடியிருந்தது பிளவு.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். கீழே படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கரையான் இல்லை, வண்டு இல்லை, அழுகல் இல்லை. எழுந்து சுவரில் சாய்ந்து நின்றேன். எதிரே ஸ்டோர் ரூம் கதவு. சாதாரணத் தேக்குக் கதவு, நான்கு பேனல் வைத்தது. எத்தனையோ தடவை அதைத் திறந்து உள்ளே போயிருக்கிறேன். அன்றைக்கு அதில் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு பேனலின் ஓரத்திலும், சட்டத்தை ஒட்டி, நூல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு. கிட்டே போய்ப் பார்த்தேன். பாலிஷ் படாத வெறும் மரம்.

பாலிஷ் அடித்த அன்று அந்த ஓரம் காடிக்குள் இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் பேனல் விரிந்து உள்ளே போய் நிற்கும். வெயிலில் சுருங்கி வெளியே வரும். காடிக்குள் அதற்கு இடம் விட்டு வைத்திருந்தார் அந்தக் கதவைச் செய்தவர். பசை வைக்கவில்லை. ஆணி அடிக்கவில்லை. விரலால் பேனலை அழுத்தினேன். லேசாக அசைந்தது. அந்தக் கதவு அங்கே இருபது வருடமாக எந்த வெடிப்பும் இல்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மன்னார்குடிப் பக்கத்து வீட்டில், என் கையில் சுலபமாகக் கழன்று வந்த பலகைகள் நினைவுக்கு வந்தன. ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் பத்தாயம் வெடிக்காமல் நின்றதற்கு அந்தத் தளர்ச்சிதான் காரணம். அதைச் செய்த ஆசாரி எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சட்டத்தின் காடியில் வெட்டி வைத்திருந்தார். நான் பலகையை எடுத்துக்கொண்டு சட்டத்தை விறகுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். நூறு வருடம் ஆனாலும் மரத்தின் நார், காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில் வெகுநாள் கிடந்த மரத்தில் சுமார் 16 சதவீதம் ஈரம் நிற்கும். 40 சதவீதம் உள்ள இடத்தில் 8 சதவீதத்தை ஒட்டி நிற்கும். திருவான்மியூர் கடற்காற்று முதல் வகையை ஒட்டியது. மாசி, பங்குனி மதியங்களில் கோவைப் பக்கத்துக் காற்று இரண்டாவது வகை. ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அங்கே சுருக்கம் அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான். மற்றப் பல மரங்களைவிடத் தேக்கு குறைவாகவே சுருங்கும். அப்படியிருந்தும் மூன்றடி அகலப் பலகை நான்கு சதவீத ஈரத்தை இழந்தால் கால் அங்குலம் வரை குறுகும். நான் குறுக்கே ஒட்டிய முனைப்பலகையோ தன் நீளவாக்கில் நிற்கிறது, அது குறுகாது. ஒன்று குறுக வேண்டும், மற்றொன்று விடாது. நடுவில் இருந்தது தாத்தாவின் பலகை.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. எந்தப் பகுதியில் எந்த வேலைக்கு மரத்தில் எத்தனை சதவீதம்வரை ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 287 என்று ஓர் இந்தியத் தரவிதியே இருக்கிறது. காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். வயருக்கும் பிளக்குக்கும் விதி தேடிப் படித்த நான், மரத்துக்கு ஒரு விதி இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. சாமான் இறங்கிய அன்றே கட்டைப் பிரித்து, பலகைகளுக்கு நடுவே சட்டத்துண்டு வைத்துக் காற்றுப் புக அடுக்கியிருந்தால், நான் மெஷினுக்கு அலைந்துகொண்டிருந்த அந்த மாதங்களிலேயே மரம் இந்த ஊர்க் காற்றுக்கு வந்திருக்கும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பிளாஸ்டிக் தாளுக்குள் சென்னையின் ஈரத்தோடு அதைப் பூட்டி வைத்திருந்தேன். ஊர் மாறினோம் என்று நாங்கள் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மரம் இன்னும் திருவான்மியூரில்தான் இருந்தது.

மேசையைத் திரும்பக் கொண்டுவந்தேன். குறுக்கே ஒட்டிய முனைப்பலகைகள் இரண்டையும் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது, நீளம் குறைந்தது. பிளவின் இரண்டு பக்கத்தையும் நேராக அறுத்துச் சேர்த்ததில் கோடுகள் சில தூளாகப் போயின. இப்போது எண்ணினால் தாத்தாவின் கணக்கு வராது. சட்டத்தில் துளைகளை அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, திருகாணி அதற்குள் நகரும்படி பசையில்லாமல் பொருத்தினேன். மழைக்காலம் ஒன்றும் கோடை ஒன்றும் தாண்டிவிட்டன, வெடிக்கவில்லை. ஆனால் அதில் ஆறு பேர்தான் உட்கார முடியும். விசேஷ நாளில் அக்காவும் அத்தானும் பிறகு சாப்பிடுகிறோம் என்று நின்றுகொள்கிறார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அவள் மேசை கேட்டாள். இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொட்டகையை மாற்றி அமைத்தேன். வாசலிலிருந்து வெயில் படாத, காற்று வருகிற சுவரை முழுக்க மரத்துக்குக் கொடுத்தேன். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இரும்புத் தாங்கிகள். அவற்றின்மேல் பலகை, ஒரு அங்குலச் சட்டத்துண்டு, மறுபடி பலகை. துண்டுகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வர வேண்டும். தள்ளி வைத்தால் பலகை அலையாக வளையும். வெட்டுமுகத்தில் பழைய பெயிண்டைப் பூசிவிடுகிறேன், ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும், முனைதான் முதலில் வெடிக்கும். ஈரம் பார்க்கும் மீட்டர் கடையில் கிடைக்கிறது, நானும் ஒன்று வாங்கினேன். ஆனால் அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது அடுப்படித் தராசு. ஒரே கட்டில் வந்த சின்னத் துண்டு ஒன்றை ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுத்து, அதன்மேலேயே பென்சிலால் எடையை எழுதுகிறேன். எடை இறங்கிக்கொண்டிருந்தால் மரம் இன்னும் வந்து சேரவில்லை. வாரக்கணக்கில் ஒரே எடை நின்றால்தான் வாளை எடுப்பது. மேசை ரம்பத்தைக் கடைசிச் சுவருக்குத் தள்ளிவிட்டேன். இருக்கட்டும், அதற்கும் வேலை இருக்கிறது.

பத்தாயத்துப் பலகைகளில் நான்கு இன்னும் அடுக்கில் இருக்கின்றன. எடை நின்று வெகுநாளாயிற்று. அக்கா பேத்திக்கு ஒரு அலமாரி செய்யப் போகிறேன், கதவுக்குச் சட்டம் கட்டி, காடி எடுத்து, பலகையைச் சும்மா உள்ளே நிறுத்தி. இந்தத் தடவை அக்காவிடம் தேதி சொல்லவில்லை.

ஊர் வீட்டை இடிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாயமோ பழைய கதவோ இருந்தால் பலகையை மட்டும் பிடுங்கி எடுக்காதீர்கள். கரையான் அரித்திருந்தாலும் சட்டத்தையும் சேர்த்து எடுத்து வாருங்கள். அதைப் பிரிக்கும்போது, எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் சூலூருக்குக் கொண்டுவாருங்கள். என் கொட்டகைச் சுவரில் இன்னும் இரண்டு தாங்கிகள் காலியாக இருக்கின்றன.